முதல் பைப்பில் எது, எங்கே தவறியது? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது

மரத்தில் புகையிலை பிடிக்கும் பைப் செதுக்கும்போது கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. சாயம் பூசியதும் பளிச்சென்று தெரியும் கீறல், நீங்கள் அவசரத்தில் தாண்டிப்போன உப்புத்தாளால் வந்தது. இழுக்கும்போது கொளகொளவென்று சத்தம் கேட்டால் புகையிலை ஈரம் என்று நினைப்போம், ஆனால் பல நேரம் கழுத்துக்குள்ளே விட்டுப்போன 3 மி.மீ. வெற்றிடம்தான் அதற்குக் காரணம். அதனால் ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் அந்த இடத்தையே தேய்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு ஒரு பைப் கிளீனர் (பஞ்சு இழை சுற்றிய மெல்லிய கம்பி), ஒரு டார்ச், சமையலறைத் தராசு, இந்த மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிக் கோளாறுகளை இவற்றை வைத்தே பிடித்துவிடலாம்.

பாகங்களுக்கு நான் சொல்லும் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். புகையிலை நிரப்பும் பெரிய பகுதி கிண்ணம், அதற்குள்ளே குடைந்த குழி அறை. கிண்ணத்திலிருந்து நீளும் மரப்பகுதி கழுத்து. வாயில் வைப்பது வாய்க்குழல், அதன் முனையில் கழுத்துக்குள் செருகுவது முளை, முளை போய் உட்காரும் துளை முளைக்குழி. அங்கிருந்து அறையின் அடி வரை போவது காற்றுத்துளை. அளவுகள் என்று பார்த்தால் அறை 19 அல்லது 20 மி.மீ. அகலம், 35 முதல் 40 மி.மீ. ஆழம், காற்றுத்துளை 4 மி.மீ., முளை 8 மி.மீ., அறையைச் சுற்றியுள்ள சுவரும் அடியும் எங்கேயும் 6 மி.மீ.க்குக் குறையாமல். முதல் பைப்புக்கு இதை விட்டு விலக வேண்டாம்.

செதுக்கிக்கொண்டிருக்கும்போதே மரத்தில் வெடிப்பு

மரம் காயவில்லை. பெரும்பாலும் இதுதான் காரணம். பைப் செய்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் பிரையர் என்பது மத்தியதரைக் கடல் பகுதியில் வளரும் எரிகா ஆர்போரியா என்ற புதர்மரத்தின் வேருக்கும் தண்டுக்கும் நடுவே உருளையாகத் திரண்டு நிற்கும் முண்டு. அதைத் தோண்டி எடுத்து, கட்டைகளாக அறுத்து, சாறு இறங்கும்வரை பல மணி நேரம் தண்ணீரில் வேகவைத்து, பிறகு மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில் நிழலில் ஆறப்போடுகிறார்கள். நீங்கள் வாங்கிய கட்டை இந்தப் பாட்டையெல்லாம் பட்டு வந்திருந்தால் பெரும்பாலும் வெடிக்காது. பேரி, செர்ரி, ஆலிவ், மேப்பிள் போன்ற வேறு மரத்தில் நீங்களே கட்டை வெட்டியிருந்தால் அந்தப் பொறுமை உங்களுடையதாக இருக்க வேண்டும்.

தராசு இங்கேதான் உதவும். கட்டையை எடை போட்டு, எடையைக் கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். வாரம் ஒரு முறை திரும்பப் போடுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறவில்லை என்றால் வீட்டுக் காற்றின் ஈரத்தோடு அது சமநிலைக்கு வந்துவிட்டது, செதுக்கலாம். காயும் காலத்தில் இரண்டு வெட்டுமுனைகளிலும் மெழுகு பூசி வைத்தால் முனைகள் மட்டும் முந்திக் காய்ந்து பிளப்பது குறையும்.

வெடிப்பு வந்தாயிற்று, இப்போது என்ன செய்வது? ஓரத்தில் நின்றுவிட்டதென்றால் அதை வெட்டி எறிந்துவிட்டு வடிவத்தைச் சின்னதாக்குங்கள். அறை வரை போகும் வெடிப்பு என்றால் பசை போட்டு ஒட்டி அதில் நெருப்பு வைக்காதீர்கள், சூட்டில் அது கட்டாயம் விரியும், பசையும் புகையும்.

மரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்ன மரம் என்று தெரியாத துண்டு, ஒட்டுப்பலகை, பூச்சி மருந்து ஏற்றிய பலகை, பிசின் வடியும் பைன் வகைகள், அரளி, யூ மரம் இவை எதிலும் பைப் செய்யக் கூடாது. ரோஸ்வுட் வகை மரங்களின் தூளே சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை உண்டாக்கும். எந்த மரமானாலும் தேய்க்கும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

காற்றுத்துளை அறையின் அடியில் வரவில்லை

எனக்குத் தெரிந்து முதல் பைப்பில் மனம் உடைவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நல்ல பைப்பில் காற்றுத்துளை அறையின் அடித்தளத்தில், நட்டநடுவில் வந்து திறக்கும். டார்ச்சை அறைக்குள் அடித்துப் பாருங்கள். அப்புறம் கழுத்து வழியாக பைப் கிளீனரை விட்டு அதன் நுனி அறையில் எந்த உயரத்தில் எட்டிப்பார்க்கிறது என்று கவனியுங்கள்.

துளை அடியை விட 2 அல்லது 3 மி.மீ. மேலே திறந்திருந்தால் அதற்குக் கீழே இருக்கும் புகையிலைக்குக் காற்று போகாது, எரியாமல் ஊறிக்கிடக்கும், நாலைந்து முறை புகைத்ததும் புளித்த நாற்றம் அடிக்கும். இதைச் சரிசெய்யலாம். சுருட்டுச் சாம்பலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, கரண்டியில் எடுத்தால் விழாத அளவுக்குக் குழைத்து, அதை அடியில் துளையின் கீழ்விளிம்பு வரை நிரப்பி, விரல் நுனியால் கிண்ணம்போல அழுத்திவிடுங்கள். காயும்வரை காற்றுத்துளைக்குள் பைப் கிளீனர் இருக்கட்டும், இல்லாவிட்டால் துளையே அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் தொடாமல் விட்டுவிடுங்கள், அது கல் மாதிரி இறுகிவிடும்.

துளை அடியை விடக் கீழே போய் தரையில் ஒரு வாய்க்கால்போல வெட்டிக்கொண்டு வந்திருந்தால் அறையைக் கொஞ்சம் ஆழமாக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் அடியில் எவ்வளவு மரம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு குச்சியை அறைக்குள் விட்டு விளிம்பு மட்டத்தில் நகத்தால் பிடித்துக்கொண்டு, அதே குச்சியை வெளிப்பக்கம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 8 மி.மீ. இருந்தால் 2 மி.மீ. வரை சுரண்டலாம், அதற்குக் குறைவாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

பக்கவாட்டில் 1 அல்லது 2 மி.மீ. விலகியிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். பார்க்க உறுத்தும், ஆனால் புகைப்பதில் வித்தியாசம் தெரியாது. ட்ரில் சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் அந்தக் கட்டை பைப் ஆகாது. ஆனாலும் எறியாதீர்கள், உப்புத்தாள், சாயம், மெழுகு எல்லாவற்றையும் அதில் முதலில் செய்து பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல மரம் கிடைக்காது.

இது ஏன் நடக்கிறது? பெரும்பாலும் கட்டையை அழகாக உருட்டிச் செதுக்கிவிட்டு அப்புறம் துளை போடுவதால்தான். உருண்ட மரத்தை வைஸில் நேராகப் பிடிக்க முடியாது. கட்டை சதுரமாக இருக்கும்போதே இரண்டு பக்கங்களிலும் பைப்பின் உருவத்தை வரைந்து, அறைக்கும் காற்றுத்துளைக்கும் நடுக்கோடு போட்டு, துளை எல்லாவற்றையும் முடித்துவிட்டு அப்புறம்தான் வெளிப்பக்கத்தைத் தொட வேண்டும். முளைக்குழி முதலில், அதே பிடியில் கட்டையை நகர்த்தாமல் காற்றுத்துளை, கடைசியில் அறை. அறையைக் கடைசியில் போட்டால் ட்ரில் நுனி காற்றுத்துளையைத் தொடும் கணத்தைக் கண்ணால் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். நீளமான 4 மி.மீ. ட்ரில் பிட் மர ரேகையின் கடினமான இடம் பட்டதும் வளைந்து ஓடும், அதனால் முதல் 15 மி.மீ.யைக் குட்டையான பிட்டால் போட்டுவிட்டு நீளமானதை இறக்குங்கள், 5 மி.மீ.க்கு ஒரு முறை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள், எந்த இடத்திலும் அழுத்தாதீர்கள். இதற்கெல்லாம் கருவி இல்லை என்றால் துளை போட்டு வாய்க்குழலும் பொருத்தி விற்கும் கட்டையை வாங்கிக்கொள்வதே நல்லது. முதல் பைப்பை அப்படித் தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

வாய்க்குழலுக்கும் கழுத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது

டார்ச்சைப் பின்னால் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி என்றால் முளை நீளமாக இருந்து குழியின் அடியில் முட்டுகிறது, முளையின் நுனியில் அரை அரை மில்லிமீட்டராகக் குறையுங்கள். முளை முட்டவில்லை, ஆனாலும் உட்காரவில்லை என்றால் முளை வாய்க்குழலோடு சேரும் மூலையில் சின்னதாக ஒரு வளைவு மிச்சம் இருக்கும், அது குழியின் விளிம்பில் இடிக்கும். குழியின் வாயை மிக லேசாகச் சரித்துவிட்டால் போதும். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி என்றால் கழுத்தின் முகம் சாய்ந்திருக்கிறது. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, கழுத்தை நேராக நிறுத்தித் தேய்க்க வேண்டும். கையில் பிடித்துத் தேய்த்தால் சாய்வு கூடத்தான் செய்யும்.

இடைவெளி இல்லை, ஆனால் சேருமிடத்தில் விரலை ஓட்டினால் படிக்கட்டு மாதிரி தட்டுகிறதா? வாய்க்குழலைத் தனியாகவும் கழுத்தைத் தனியாகவும் தேய்த்திருக்கிறீர்கள். வடிவம் கொடுப்பதிலிருந்து 400 எண் உப்புத்தாள் வரை இரண்டையும் பொருத்தியே வைத்துத் தேய்க்க வேண்டும், விளிம்பு அப்போதுதான் மழுங்காது.

வாய்க்குழல் தளர்ந்து விழுகிறது, அல்லது இறுகி வரவே மாட்டேன் என்கிறது

தளர்ச்சி கொஞ்சம்தான் என்றால் முளையில் தேன்மெழுகை லேசாகத் தடவினால் போதும். அதிகமாக இருந்தால், வாய்க்குழல் எபோனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) என்றால், முளையை வெந்நீரில் இளக்கி, அதன் துளைக்குள் மிகச் சற்றே பெரிதான ட்ரில் பிட்டின் வழுவழுப்பான பின்முனையைச் செருகி அப்படியே ஆறவிடுங்கள், முளை சற்று விரிந்து நிற்கும். இறுகியிருந்தால் பென்சில் கரியை முளை முழுக்கத் தேய்த்து நாலைந்து முறை திருகிச் செருகிப் பாருங்கள். உப்புத்தாளால் தேய்ப்பது கடைசி வழி, ஏனென்றால் மரம் ஈரம் ஏறி இறங்கி ஓரிரு வாரத்தில் தானே இசைந்துவிடும், அதற்குள் தேய்த்தால் பிறகு தளர்ந்துபோகும். இறுக்கமான முளையை வலுவாக அடித்து ஏற்றினால் கழுத்து மயிரிழையாகப் பிளக்கும். அப்படிப் பிளந்திருந்தால் வெடிப்பு முடியும் இடத்தில் ஒரு மி.மீ. துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தி, சூப்பர் க்ளூ விட்டு, மேலே மெல்லிய பித்தளை வளையம் போடுங்கள். கழுத்துக்குச் சூடு அவ்வளவாக வராது, அதனால் அங்கே பசை நிற்கும்.

விசில் சத்தம், கொளகொளப்பு, இழுக்கவே முடியவில்லை

புகையிலை போடாமல் வெறும் பைப்பை இழுத்துப் பாருங்கள், சத்தமே இல்லாமல் காற்று வர வேண்டும். விசில் அடித்தால் காற்று எங்கோ கூர்மையான விளிம்பில் மோதுகிறது, அநேகமாக முளையின் நுனியில். முளையின் வாயை உட்பக்கமாகச் சரித்து 400 எண் தாளைச் சுருட்டி வழவழப்பாக்குங்கள்.

கொளகொளப்புக்குக் காரணம் தண்ணீர் தேங்கும் இடம். முளையின் நுனிக்கும் குழியின் அடிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் சூடான புகை அங்கே குளிர்ந்து நீராகிறது. களிமண்ணைச் சிறு உருண்டையாக்கிக் குழியின் அடியில் போட்டு, வாய்க்குழலை முழுக்கச் செருகி எடுத்தால் நசுங்கிய தடிமன்தான் அந்த இடைவெளி. 1 மி.மீ.க்குள் இருந்தால் கவலை இல்லை. அதற்கு மேல் என்றால் நீளமான முளை வைத்த வேறு வாய்க்குழல்தான் வழி. இன்னொரு சோதனை, பைப்பைக் கழற்றாமலே வாய்ப்பக்கத்திலிருந்து பைப் கிளீனர் அறை வரை போக வேண்டும். நடுவில் முட்டினால் இரண்டு துளைகளும் ஒரே கோட்டில் இல்லை.

இழுக்கக் கஷ்டமாக இருந்தால் வாய்க்குழலின் கடைசி 20 மி.மீ.யைப் பாருங்கள். பல்லில் கடிக்கும் இடம் 4 மி.மீ. தடிமன் வரை ஒடுங்குவதால் உள்ளே துளையும் ஒடுங்குகிறது. மெல்லிய ஊசி அரத்தால் துளையை இரண்டு பக்கமும் விசிறிபோல விரித்துவிட்டால், உயரம் குறைந்தாலும் காற்று போக இடம் கிடைக்கும்.

வாய்க்குழலை வளைத்தேன், மடங்கி நசுங்கிவிட்டது

உள்ளே பைப் கிளீனர் விடாமல் வளைத்திருப்பீர்கள். மறுபடி சூடாக்குங்கள், எபோனைட் தன் பழைய நேரான வடிவத்துக்கே திரும்பும், அது அதன் குணம். பிறகு பைப் கிளீனரை விட்டு, மெல்ல வளைத்து, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் காட்டுங்கள். எபோனைட் கொதிநீரிலேயே ஓரளவு இளகும், அக்ரிலிக்குக்கு அதைவிடக் கூடுதல் சூடு வேண்டும், ஹாட் ஏர் கன்னைத் தூரத்தில் பிடித்துச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கந்தக வாடை வந்தாலோ மேலே கொப்புளம் தெரிந்தாலோ எபோனைட் கருகிவிட்டது என்று பொருள்.

சாயம் போட்டதும் கீறலும் திட்டும் தெரிகிறது

கீறல் முன்பே இருந்தது, சாயம் அதைக் காட்டிக்கொடுத்தது. 120, 180, 240, 320, 400, 600 என்ற வரிசையில் ஒன்றையும் தாண்டக் கூடாது. ஒவ்வொரு எண்ணுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய தாளின் கீறல் குறுக்கே நின்று தனியாகத் தெரியும், அது முழுக்க மறைந்த பிறகே அடுத்த எண்ணுக்குப் போங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துப் பாருங்கள், ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு முறை துடையுங்கள், சாயம் போட்டால் எப்படித் தெரியும் என்பது அந்த ஈரத்திலேயே தெரிந்துவிடும். 320க்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த இழைகள் எழும்பும், அவற்றை அடுத்த தாள் வெட்டிவிடும். இதை நான் என் முதல் பைப்பில் செய்யவில்லை, சாயம் பட்டதும் மேற்பரப்பு முழுக்கச் சொரசொரவென்று எழும்பிவிட்டது, 240க்குத் திரும்பிப்போய் மறுபடி வர ஒரு நாள் முழுக்கப் பிடித்தது.

சாயம் ஏறாத வெளிர்த்திட்டு என்றால் அங்கே பசையோ கை எண்ணெயோ மெழுகோ இருக்கிறது. ஸ்பிரிட்டால் துடைத்து, அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் ஒரு பக்கம் முழுவதையும் தேய்த்து மறுபடி பூசுங்கள். ரேகை எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் முதலில் அடர்ந்த சாயம், பிறகு 400 எண் தாளால் அதை மேலோட்டமாகத் தேய்த்தெடுத்து, அதன்மேல் வெளிர் சாயம். மிருதுவான இடத்தில் அடர்நிறம் தங்கிவிடும், கடினமான இடத்திலிருந்து போய்விடும்.

தேய்க்கத் தேய்க்கச் சிறு குழிகள் வெளிவருகின்றன

இது உங்கள் தவறில்லை. பிரையர் முண்டு கல்லும் மண்ணும் நிறைந்த நிலத்தில் மெல்ல வளர்வது, உள்ளே குழி இருக்கத்தான் செய்யும். ஊசி முனை அளவு என்றால் விட்டுவிடலாம். பெரிதாக இருந்தால் அதே மரத்தின் தூளைக் குழியில் அடைத்து ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விடலாம், ஆனால் அந்த இடம் எப்போதும் கறுப்பாகத்தான் தெரியும். என்னைக் கேட்டால் அதைவிட அந்தப் பகுதியைச் சிறு உளியால் மரப்பட்டை மாதிரி கொத்திவிடுவது அழகு. கொத்தும்போது மேற்பரப்பில் 1 முதல் 2 மி.மீ. போகும், அதற்கேற்ற சுவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழியில் ஊசியை விட்டால் ஆழமாக இறங்குகிறது, அறைப்பக்கமும் அதே இடத்தில் ஒரு புள்ளி தெரிகிறது என்றால் அந்தப் பைப்பில் புகைக்க வேண்டாம்.

மேற்பூச்சு பிசுபிசுக்கிறது, கொப்புளிக்கிறது, மங்கிவிடுகிறது

கொப்புளம் என்றால் வார்னிஷோ பாலியூரித்தேனோ அடித்திருக்கிறீர்கள். நாற்காலிக்கு நல்லது, சூடேறும் பைப்புக்கு ஆகாது, முழுக்கத் தேய்த்து எடுத்துவிடுங்கள். பிசுபிசுப்பு என்றால் எண்ணெய் அதிகம். துடைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். கடையில் கிடைக்கும் கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்ப்பார்கள், அதைப் பைப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போடவும் வேண்டாம், தானே சூடாகித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள்.

இரண்டு மூன்று தடவை புகைத்ததும் பளபளப்பு போய்விடுகிறதென்றால் மெழுகு காரணம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும், கார்னௌபா மெழுகு 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் கார்னௌபாவைக் கட்டியாக எடுத்துக் கையால் தேய்த்தால் ஒட்டாது, வேகமாகச் சுழலும் துணிச்சக்கரத்தின் உராய்வுச் சூடு வேண்டும். சக்கரம் இல்லாதவர்கள் கார்னௌபா கலந்த களிம்பை மிக மெல்லிதாகப் பூசி, காயவிட்டு, பருத்தித் துணியால் கை சூடாகும்வரை தேய்க்கலாம், அவ்வப்போது திரும்பப் பூச வேண்டியிருக்கும்.

முதல் சில முறையிலேயே கிண்ணம் சுடுகிறது, கசக்கிறது

கசப்புக்கு முதலில் அறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சாயமோ மெழுகோ எண்ணெயோ உள்ளே வழிந்திருந்தால் அதுதான். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, 180 எண் தாளை ஒரு குச்சியில் சுற்றி வெறும் மரம் தெரியும்வரை தேய்த்து, ஒரு வாரம் திறந்தபடி ஆறவிடுங்கள். அறைக்குள் பசை, சாயம், பூச்சு எதுவும் போகவே கூடாது. கெட்டி மோரில் மருந்துக்கடைக் கரித்தூளைக் குழைத்து மெல்லிதாக ஒரு பூச்சு கொடுப்பது மட்டும் விதிவிலக்கு, அது மரத்தை நேரடி நெருப்பிலிருந்து காக்கும்.

கிண்ணம் முழுக்கச் சுட்டால் வேகமாக இழுக்கிறீர்கள். ஒரே ஒரு இடம் மட்டும் கையைச் சுட்டால் அங்கே சுவர் மெலிந்திருக்கிறது, அல்லது உள்ளே மரம் மிருதுவாக இருக்கிறது. அந்த இடத்தில் வெளியே பழுப்பாக நிறம் மாறத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு, உள்ளே கருகிய மரத்தைச் சுரண்டிப் பாருங்கள். கெட்டியான மரம் சீக்கிரமே வந்துவிட்டால் சாம்பல் குழம்பை அங்கே அப்பிக் காயவைத்து, அடுத்த பத்துப் பதினைந்து முறை அறையை மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பிப் புகையுங்கள், உட்சுவரில் கரி படிந்து காப்பாகும். அந்தக் கரி ஒரு மி.மீ. தடிமனைத் தாண்டவிடாதீர்கள், அதற்கு மேல் போனால் சூட்டில் மரத்தைவிட வேகமாக விரிந்து கிண்ணத்தையே பிளக்கும். புகைத்து முடித்ததும் பைப் ஆறும்வரை வாய்க்குழலைக் கழற்ற வேண்டாம், சூட்டோடு உருவினால் முளை வளையும், கழுத்தும் பிளக்கும். ஒரு நாளாவது இடைவெளி விட்டு, பைப் கிளீனரை உள்ளே விட்டுச் சாய்த்து வையுங்கள்.